கடல் பார்த்த போர்கள் – 11: வெள்ளிச் சிலுவையும் ஒரு பொய்த் தந்தியும்

வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கிடப்பது பாக்கு விரிகுடா. எவ்வளவு தூரம் வள்ளம் ஓடினாலும் ஆழம் பெரிதாகக் கூடாத கடல். அதன் தெற்கு வாசலில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு மணல் திட்டுகள் மறித்து நிற்கின்றன. மீன்பிடி வள்ளங்களுக்கு வழி உண்டு, பெரிய கப்பல்களுக்கு இல்லை. 1971 நவம்பரில் கராச்சியிலிருந்து வங்காள விரிகுடாவுக்குப் புறப்பட்ட பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி, இலங்கைத் தீவை முழுவதுமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது இதனால்தான். அது தேடிப் போனது விக்ராந்தை. அன்று இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் அது.

விசாகப்பட்டினத்தில் அந்த நீர்மூழ்கிக்குப் பொறி வைத்துக் காத்திருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1919இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1971 இந்திய–பாகிஸ்தான் போரில் இந்தியாவின் கிழக்குக் கடற்படை முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது.

மன்னார்க் கரையில் இருந்துகொண்டு ஒரு கடற்படை அதிகாரியின் பதக்கங்களைப் பற்றி எழுதுவது இலேசான காரியம் இல்லை. இங்கே கடற்படை என்றதும் எங்கள் சனத்துக்கு நினைவில் வருவது முள்ளிக்குளம். 2007இல் அந்த மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஊருக்குள் கடற்படை முகாம் வந்தது. அதனாலேயே ஒரு பதக்கத்தைப் பார்த்தால், அது யாருடைய போரில், யாருக்கு எதிராகக் கிடைத்தது என்று கேட்காமல் என்னால் நகர முடிவதில்லை. கிருஷ்ணனின் முதல் பதக்கத்திடமும் அதைத்தான் கேட்கிறேன்.

1941 ஆகஸ்ட் 25 விடியற்காலை. பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஈரானுக்குள் நுழைந்தன. ஈரான் நடுநிலை நாடு. எண்ணெய்க்காகவும், ரஷ்யாவுக்குப் போர்த் தளபாடம் அனுப்பும் பாதைக்காகவும் அந்த நடுநிலை மிதிக்கப்பட்டது. ஆபதானில் 'பலங்' என்ற ஈரானியப் போர்க்கப்பல் துறையில் கட்டியபடியே சுட்டு மூழ்கடிக்கப்பட்டது. ஈரானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் பயாந்தோர் அன்றைக்கே கொல்லப்பட்டார். தாக்கிய அணியில் 'ரோயல் இந்தியன் நேவி'யும் இருந்தது. தாங்களே இன்னொருவரின் ஆட்சிக்குக் கீழே இருந்த பிள்ளைகள், தங்களுக்கு எந்தத் தீங்கும் செய்யாத ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள் ஆயுதத்தோடு புகுந்தார்கள். இருபத்திரண்டு வயதுக் கிருஷ்ணன் அந்தப் பாரசீக வளைகுடா நடவடிக்கையில் காட்டிய துணிவுக்காக டி.எஸ்.சி. என்னும் பிரித்தானிய வெள்ளிச் சிலுவையைப் பெற்றார்.

அந்தச் சிலுவையின் நடுவில் அரசரின் முத்திரை எழுத்துகள், கிரீடம். நாடா கருநீலம், வெள்ளை, கருநீலம். பின்புறம் கீழ்க் கையில் ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் 1940இல் வந்தது. பெற்றவரின் பெயரை அன்று பொறிப்பதில்லை. இந்தியா குடியரசான பிறகும் கிருஷ்ணன் அதை அணிந்தார், பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்துகளைக் கடைசிவரை எழுதினார். அதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த இளைஞனின் துணிவு அவனுடைய சொந்தச் சொத்து. ஈரானுக்குச் செய்த அநியாயத்துக்கான கணக்கை இலண்டனில்தான் கேட்க வேண்டும்.

முப்பது வருடம் கழித்து அவர் செய்த காரியம் வேறு இனம்.

விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அப்படியான கப்பலைப் போருக்கு அனுப்புவதா என்ற தயக்கம் மேலிடத்தில் இருந்தது. அனுப்பியே ஆகவேண்டும் என்று நின்றவர்களில் கிருஷ்ணன் முக்கியமானவர். இதற்கிடையில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் சிட்டகாங்குக்குப் போன ஒரு பாகிஸ்தான் செய்தி ஒட்டுக்கேட்கப்பட்டது. நீர்மூழ்கிகளும் கண்ணிவாரிக் கப்பல்களும் மட்டுமே பாவிக்கும் ஒருவகை மசகு எண்ணெயைப் பற்றிய விசாரிப்பு அது. காஸி இந்தப் பக்கம் வருகிறது என்பதைக் கிருஷ்ணன் அதிலிருந்தே பிடித்துக்கொண்டார்.

விக்ராந்தை அந்தமானில் ஓர் ஒதுக்கமான இடத்துக்கு அனுப்பிவிட்டு, அதன் பெயரில் நாடகம் தொடங்கியது. சேவைக்காலம் முடியப்போகும் பழைய நாசகாரிக் கப்பல் 'ராஜ்புத்', விசாகப்பட்டினத்துக்கு வெளியே போய் விக்ராந்தாக வேடம் கட்டியது. ஒரு பெரிய கப்பல் அனுப்புமளவுக்கு வானொலிச் செய்திகளை அனுப்பித் தள்ளியது. விசாகப்பட்டினத்து வியாபாரிகளிடம் பெரும் படைக்கு வேண்டிய அளவில் இறைச்சியும் மரக்கறியும் கேட்கப்பட்டன. ஒற்றர்கள் காதில் அது விழட்டும் என்பதே நோக்கம். எல்லாவற்றையும்விட ஒரு தந்தி. விக்ராந்தின் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையைக் கேட்டு, சங்கேதம் எதுவும் இல்லாமல் அனுப்புவது போன்ற தந்தி. தாயை நினைத்துக் கலங்கும் ஒரு பிள்ளை கட்டுப்பாட்டை மீறுவதை எந்த எதிரியும் நம்புவான் என்பது கணக்கு. கிருஷ்ணன் தன் நூலில் எழுதிவைத்த செய்திகள் இவை.

டிசம்பர் 3 நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. அதன் தளபதி லெப்டினன்ட் கொமாண்டர் இந்தர் சிங். முன்னால் நீர் குழம்புவதைக் கண்டு இரண்டு ஆழ்நீர்க் குண்டுகளை இறக்கினார்கள். சிறிது நேரத்தில் எழுந்த பெருவெடிப்பைக் கரையிலிருந்தவர்களும் கேட்டார்கள். விடிந்ததும் கடலில் மிதந்த பொருட்களை மீனவர்கள் எடுத்து வந்தார்கள். காஸி தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களோடு அடியில் கிடந்தது. ராஜ்புத்தின் குண்டுதான் காரணம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு, தான் விதைத்த கண்ணியிலேயே அது சிக்கியது என்கிறது பாகிஸ்தான். எதுவாக இருந்தாலும், அந்த வாசலுக்கு அதை வரவழைத்தது கிருஷ்ணனின் மூளை. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் ஸீ ஹோக் விமானங்கள் கொக்ஸ் பஸாரைத் தாக்கின. பன்னிரண்டு நாளில், 16ஆம் திகதி, டாக்காவில் பாகிஸ்தானின் ஜெனரல் நியாஸி சரணாகதியில் கையெழுத்திட்டார். உலகறிந்த அந்தப் படத்தில் பின்வரிசையின் இடது ஓரத்தில், வெள்ளைச் சீருடையில் நிற்பவர்தான் இந்த நாகர்கோவில்காரர்.

வீரப் பதக்கங்கள் எதிரியின் முன்னால் நின்றவனுக்கு உரியவை. வரைபட அறையில் இருந்து கப்பல்களை நகர்த்திய தளபதிக்கு அரசு பத்மபூஷண் கொடுத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என் மதிப்பில் பெரியது பின்னையதே. விரிசல் விட்ட கொதிகலனோடு ஒரு கப்பலை அனுப்பி, அதில் இருக்கும் உயிர்கள் அத்தனைக்கும் தான் ஒருவனாகப் பொறுப்பேற்பது இருபத்திரண்டு வயதில் முடியாத துணிவு.

ஆனால் அந்த மார்பில் இடம்பெறாத ஒரு சம்பவமும் உண்டு. போரின் கடைசி நாட்களில், பர்மாவுக்குத் தப்பியோடும் பாகிஸ்தான் படையை மறிக்க, கொக்ஸ் பஸாருக்குத் தெற்கே உக்கியாவில் கூர்க்காப் படை ஒன்றைக் கடல்வழியாக இறக்கினார்கள். அவர்கள் மலைநாட்டுப் பிள்ளைகள், கப்பலிலிருந்து கரையிறங்கப் பழகாதவர்கள். கரையின் ஆழமும் சரியாக அளக்கப்படவில்லை. படகின் முன்பலகையிலிருந்து ஆயுதச் சுமையோடு இறங்கியவர்கள் எதிர்பாராத பள்ளத்தில் மூழ்கினார்கள். எதிரி ஒரு வேட்டும் வைக்கவில்லை. பிறகு உள்ளூர் நாட்டுப்படகுகளின் உதவியோடுதான் மிச்சப்பேர் கரை சேர முடிந்தது. அந்தக் கடலின் பள்ளமும் திட்டும் தெரிந்த மீனவர்களிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்காமல் விட்டதற்கான பொறுப்பும் கிழக்குக் கடற்படையின் தலைமையைத்தான் சேரும்.

(அடுத்த வாரம்: இலங்கைக் கடற்படையின் தளபதியாக இருந்த ராஜன் கதிர்காமர்)