இணையதளம் அமைக்கும் கல்வி: பொருளும் தோற்றமும்

இணையதளம் ஒன்றை அமைப்பது கணினிப் பொறியாளருக்கே உரிய தொழில் என்று நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆயினும் இன்று சபைகளிலும் பள்ளிகளிலும் மாணவர் விடுதிகளிலும் "நமக்கொரு தளம் வேண்டும்" என்ற பேச்சு எழும்போது, அப்பொறுப்பு பெரும்பாலும் இளம் ஆயர் ஒருவர்மீதோ இறையியல் மாணவர் ஒருவர்மீதோ வந்து சேருகிறது. அவரும் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிகளுள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, படங்களை நிரப்பி, ஒரே வாரத்தில் வேலையை முடித்துவிடுகிறார். இம்முறையிலுள்ள குறை யாது என்பதை விளங்கிக்கொள்ள, இணையதள வடிவமைப்பு கல்லூரிகளில் எவ்வொழுங்கில் கற்பிக்கப்படுகிறது என்பதை அறிவது நலம். அவ்வொழுங்கையும் அதன் காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2022ஆம் ஆண்டில், அருகிலுள்ள கல்லூரி ஒன்றின் மாலைநேரச் சான்றிதழ் வகுப்பில் நானும் மாணவனாக அமர்ந்தேன். உடன் பயின்றோர் என் பிள்ளைகளின் வயதினர். இங்கே கூறப்படுவன பெரும்பாலும் அவ்வகுப்பில் கேட்டவை. ஒரு பகுதி, அங்கே நான் செய்த பிழையினின்று கற்றது.

1. உலகளாவிய வலை தோன்றிய காரணம்

பாடம் வரலாற்றிலிருந்து தொடங்குகிறது. ஜெனீவா நகருக்கருகே செர்ன் என்னும் அணு ஆய்வு நிலையம் உள்ளது. பல நாட்டு அறிவியலாளர் அங்கு வந்து, ஏறத்தாழ ஈராண்டு தங்கி, தத்தம் நாடு திரும்புவர். அவர்கள் செல்லும்போது அவர்கள் அறிந்தவையும் உடன் சென்றுவிடும்; எஞ்சிய ஆவணங்களோ ஒன்றோடொன்று ஒவ்வாத பல்வேறு கணினிகளில் சிதறிக் கிடந்தன. இவ்விழப்பைத் தடுக்கும் பொருட்டு டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் 1989 மார்ச்சு மாதத்தில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆவணங்களை இணைப்புகளால் ஒன்றோடொன்று பிணைத்து, எக்கணினியிலிருந்தும் வாசிக்கத்தக்கதாக்குவதே அத்திட்டம். 1990ஆம் ஆண்டின் இறுதியில் அது செயல்வடிவம் பெற்றது. 1993 ஏப்ரல் 30 அன்று, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அந்நிலையம் அதனை உலகிற்கு உரிமையாக்கியது.

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, மனிதர் மாறிச் சென்றாலும் அறிவு அழியாதிருக்க வேண்டும் என்பதற்காகவே உலகளாவிய வலை பிறந்தது. இரண்டாவது, ஒரே பக்கத்தைப் பலவகைக் கருவிகள் வாசிக்க வேண்டும் என்பதற்காக, பக்கத்தை எழுதுபவர் ஒவ்வொரு பகுதியும் எத்தன்மையது என்பதை முதலில் குறிக்க வேண்டியவராகிறார். பின்வரும் பாடங்கள் யாவும் இவ்விரண்டின் விரிவே எனலாம்.

2. திட்டமிடுதல்

தொடக்க வாரங்களில் ஆசிரியர் எங்களைக் கணினியைத் தொடவிடவில்லை. தாளும் பென்சிலுமே கருவிகள். மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னார்: இத்தளத்திற்கு வருபவர் யார்? அவர் எதைத் தேடி வருகிறார்? அதை அவர் எத்தனை படிகளில் அடைகிறார்?

எடுத்துக்காட்டாக, மாணவர் விடுதி ஒன்றின் தளத்தை எண்ணிப் பார்ப்போம். பிள்ளையைச் சேர்க்க விரும்பும் பெற்றோர் விடுதிக் கட்டணம், விண்ணப்பத்தின் கடைசித் தேதி, காப்பாளரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் தேடுகின்றனர். தளமோ நிறுவனரின் உருவப்படத்தையும் ஆண்டு விழாப் படங்களையும் முன்வைத்து, கட்டணத்தை நான்காம் பக்கத்தில் மறைத்து வைத்திருக்கிறது. இங்கே தளத்தை அமைத்தவர் தம்மை நோக்கிப் பேசியிருக்கிறாரேயன்றி வருபவரை நோக்கிப் பேசவில்லை. கேட்போர் யாவர் என்று எண்ணாது அருளுரை ஆயத்தம் செய்பவரின் நிலையும் இதுவே ஆதலால், நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இக்குறையை நீக்க ஓர் எளிய பயிற்சி உண்டு. தளத்தில் இடம்பெற வேண்டிய ஒவ்வொரு செய்தியையும் தனித்தனி அட்டையில் எழுதி, தளத்தோடு தொடர்பில்லாத சிலரிடம் கொடுத்து, இனம் இனமாக அடுக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் அடுக்கும் முறையே தளத்தின் பிரிவுகளாக அமையத் தக்கது. அதன் பின்னர்ப் பக்கங்களின் வரைபடமும், ஒவ்வொரு பக்கத்திற்கும் கட்டங்களாலான கோட்டுப்படமும் பென்சிலால் வரையப்படுகின்றன. கணினியில் மூன்று நாள் உழைத்த ஒன்றை அழிக்க மனம் வராது. பென்சில் கோட்டை அழிக்க எவருக்கும் தயக்கமில்லை.

3. அமைப்பு

அடுத்தது எச்.டி.எம்.எல். என்னும் குறியீட்டு மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் அடையாளம் இடுவதே இதன் பணி. தலைப்புகளுக்கு மட்டும் ஆறு நிலைகள் உள்ளன. வேதபகுதியொன்றை ஆராயுமுன் அதன் உட்பிரிவுகளை வகுத்துக்கொள்ளும் மாணவருக்கு இம்முறை புதியதாகத் தோன்றாது.

தொடக்க மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை ஒன்று உண்டு. தலைப்பு என்று குறிக்காமல், எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டு அமைவர். கண்ணால் காண்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் பார்வையற்றோர் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் உதவியால் பக்கத்தைக் குரலாகக் கேட்கின்றனர். 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இவ்வகையினது, இலவசமாகக் கிடைப்பது, தமிழையும் வாசிப்பது. இதனைப் பயன்படுத்துவோர் ஒரே விசையை அழுத்தித் தலைப்பிலிருந்து தலைப்பிற்குத் தாவிச் செல்வர். தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்படாவிடில் அவர்கள் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.

என் பிழையை இங்கே கூற வேண்டும். பயிற்சிக்காக எங்கள் சபைக்கு ஒரு தளம் அமைத்தேன். அச்சகத்தில் அழகாக வடிவமைக்கப்பட்ட மருத்துவ முகாம் அறிக்கை ஒன்றைப் படமாகவே முதற்பக்கத்தில் இட்டு, தொட்டால் அது பெரிதாகும்படியும் செய்தேன். பலரும் பாராட்டினர். எங்கள் சபையில் பார்வையிழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் உண்டு. அவர் அடுத்த ஞாயிறு என்னிடம், "ஐயா, உங்கள் அறிக்கையை நான்கு முறை கேட்டேன். சில எண்களும் ஆங்கில எழுத்துகளும் மட்டுமே வருகின்றன. முகாம் என்றைக்கு?" என்று கேட்டார். படத்திற்குரிய விளக்கத்தை நான் எழுதாமையால், மென்பொருள் கோப்பின் பெயரை அவருக்கு வாசித்திருக்கிறது. அது கண் சிகிச்சை முகாமுக்கான அறிக்கை.

4. தோற்றம்

பக்கத்தின் அமைப்பு முடிந்த பின்னரே நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவற்றிற்குரிய மொழி சி.எஸ்.எஸ். எனப்படும். நார்வே நாட்டவரான ஹோகுன் வியும் லீ 1994இல் இதனை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் இது முதல் தரநிலையாக வெளிவந்தது. பொருள் ஒரு கோப்பிலும் தோற்றம் மற்றொரு கோப்பிலும் இருத்தல் வேண்டும் என்பதே இதன் அடிப்படை. 2003இல் வெளியான சி.எஸ்.எஸ். சென் கார்டன் என்னும் தளத்தை ஆசிரியர்கள் இதற்குச் சான்றாகக் காட்டுவர். அங்கே ஒரே உரை, ஓர் எழுத்தும் மாறாமல், வடிவமைப்பாளர் பலரின் கைகளில் வெவ்வேறு தோற்றம் கொண்டு விளங்குவதைக் காணலாம்.

தோற்றத்திற்கும் நெறிகள் உண்டு. வெளிர்சாம்பல் பின்னணியில் வெளிர்நீல எழுத்து மென்மையாகத் தோன்றலாம். முதியோருக்கு அது தெரியாது. சாதாரண அளவுள்ள எழுத்திற்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்திற்குக் குறையலாகாது என்று உலக அளவிலான அணுகுநெறிகள் வகுத்துள்ளன. அவ்வாறே, திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் முறையை ஈதன் மார்காட் என்பவர் 2010இல் எடுத்துரைத்தார். பெரும்பாலோர் கைபேசியிலேயே வாசிக்கும் நம் நாட்டில், சிறிய திரைக்கு முதலில் வடிவமைத்துப் பின்பு பெரிய திரைக்கு விரிப்பதே தக்க முறையாகும்.

5. தமிழ்ப் பக்கங்களுக்குரிய சிறப்புக் கவனம்

தமிழில் தளம் அமைப்போர் அறிய வேண்டிய வரலாறு ஒன்றுண்டு. 1990களில் வெவ்வேறு எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைக் கையாண்டன. குறிப்பிட்ட எழுத்துரு கணினியில் இல்லையெனில் தமிழ்ப்பக்கம் பொருளற்ற அந்நிய எழுத்துக் குவியலாகத் தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தாப், தாம் என்னும் குறியீடுகள் தரப்படுத்தப்பட்டன. 1991இலேயே தமிழுக்கு இடமளித்திருந்த யூனிகோடு என்னும் ஒருங்குறி முறை பின்னர் படிப்படியாகப் பரவிற்று. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை முதலில் வேறொரு குறியீட்டில் வெளியிட்டது; பின்பு ஒருங்குறிக்கு மாற்றியமையால் அவை இன்றும் வாசிக்கவும் தேடவும் கிடைக்கின்றன. அவ்வாறு மாற்றப்படாத பக்கங்களோ, அழியாமல் இருந்தும் வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன.

ஆகவே தமிழை ஒருங்குறியிலேயே தட்டச்சு செய்தல் வேண்டும். உரையைப் படமாக இடலாகாது. பக்கத்தின் மொழி தமிழ் என்பதைக் குறியீட்டில் தெரிவித்தல் வேண்டும்; திரைவாசிப்பான் சரியான குரலைத் தெரிந்துகொள்வது அதனாலேயே. நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறிகள் வருவதால், ஆங்கிலத்திற்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. நீண்ட கூட்டுச் சொற்கள் கைபேசித் திரையின் விளிம்பைத் தாண்டிவிடும் என்பதையும் மனத்திற்கொண்டு தலைப்புகளைச் சுருக்கமாக அமைக்க வேண்டும்.

6. சோதித்தலும் பேணுதலும்

தளம் முடிந்தது என்று கூறுமுன் நான்கு சோதனைகள் செய்யும்படி எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது. சுட்டெலியை அகற்றிவிட்டு விசைப்பலகையால் மட்டும் பக்கத்தைக் கடந்து பார்த்தல். தோற்றக் கோப்பை நீக்கிவிட்டு எஞ்சிய உரை ஒழுங்காக வாசிக்கப்படுகிறதா என்று காணுதல். விலை குறைந்த கைபேசியிலும் மெதுவான இணைப்பிலும் திறந்து பார்த்தல். புதியவர் ஒருவரிடம் ஒரு செய்தியைத் தேடச் சொல்லி, வாய்திறவாமல் அருகிலிருந்து கவனித்தல். நான்காவதே கடினம், வழிகாட்ட நம் நாவு துடிக்கும்.

இவற்றை அலட்சியம் செய்தல் சிறிய குற்றமன்று. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிகளின் தளத்தில் படங்களுக்கு உரிய விளக்கம் இல்லையென்று பார்வையற்ற ஒருவர் முறையிட்டபோது, ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதனைப் பாகுபாடு என்றே தீர்ப்பளித்தது. ஏற்பாட்டுக் குழு அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்க வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, தகவல் யாவருக்கும் எட்டத்தக்கதாக இருக்க வேண்டுமென வலியுறுத்துகிறது.

பேணுதல் இறுதிப் பாடம். தளத்தின் பெயருக்கும் இடத்திற்கும் காலந்தோறும் கட்டணம் செலுத்தியாக வேண்டும். பெயர் ஒரு மாணவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்க, அவர் படிப்பை முடித்துச் சென்றுவிட்டால், தளம் ஒருநாள் மறைந்துபோகும். ஆயர் மாற்றத்தின்போதும் இதுவே நிகழ்கிறது. எனவே பெயர் நிறுவனத்தின் பேரில் பதிவு செய்யப்பட்டு, கடவுச்சொற்களும் புதுப்பிக்க வேண்டிய நாளும் சொத்து ஆவணங்களோடு எழுதி வைக்கப்படல் வேண்டும். மனிதர் செல்ல அறிவும் செல்லுதலைத் தடுக்கப் பிறந்த வலையில், நாமே அவ்விழப்பை மீண்டும் உண்டாக்கலாகாது.

முடிவுரை

ஆயத்த மென்பொருள்களும் செயற்கை நுண்ணறிவும் குறியீடுகளை நொடியில் எழுதித் தரும் இக்காலத்தில் இவற்றையெல்லாம் கற்க வேண்டுமோ என்று சிலர் வினவலாம். குறியீட்டை எழுத அவை உதவும் என்பது மெய்யே, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் நம் தளத்திற்கு வருபவர் யார், அவருள் எவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார் என்பதை அவை தாமாக அறியா. அறிந்து சொல்ல வேண்டியவர் நாமே. கல்லூரிப் பாடம் தோற்றத்தைப் பின்னுக்கு வைத்து, திட்டத்தையும் அமைப்பையும் முன்னுக்கு வைப்பதன் காரணம் இதுவேயாகும்.

அன்று மாலையே முகாம் அறிக்கையை எழுத்தாகத் தட்டச்சு செய்து மாற்றி இட்டேன். அரைமணி நேரமும் ஆகவில்லை. மறுநாள் அவ்வாசிரியர் தொலைபேசியில் அழைத்து நன்றி கூறியதோடு, அறிக்கையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருத்தமில்லை என்பதையும் சுட்டிக்காட்டினார். கண்ணுடைய எங்களுள் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை.