‘இது புறாவா?’ – ஒரு மீம் வினாவின் இலக்கணம்

1991-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வெளிவந்த ‘ஃபைபர்ட்’ என்னும் அசைவூட்டப் படத்தொடரில், மனிதனையொத்த எந்திர உடலிற் புகுந்த வேற்றுலகத்தான் ஒருவன் வண்ணத்துப்பூச்சியைச் சுட்டி, ‘இது புறாவா?’ என வினவுகின்றான். இக்காட்சி பின்னர் மீமாக இணையத்திற் பரவி, 2018-இல் பெருவழக்காயிற்று. வினவுவான், பூச்சி, வினா என்னும் மூன்றிடத்தும் புதுச்சொற் பெய்து எழுதுதல் அதன் மரபு.

இதனை ஐயவினா எனக் கொள்ளத் தோன்றும், அது பொருந்தாது. தொலைவில் நிற்பது கட்டையோ ஆளோ என இருபாற்படுவதன்றோ ஐயம்? இவன் உள்ளத்திற் புறா ஒன்றே உளது. பூச்சி என்னும் எண்ணம் எழவேயில்லை. ஆகலின், இது வினா வடிவில் நின்ற திரிபுணர்ச்சி என்க. தொல்காப்பியர் நகைக்கு நிலைக்களனாகக் கூறிய நான்கனுள் பேதைமை ஈண்டுப் பொருந்தும்.

வாசகம் எழுதுவார் பெரும்பாலும் பிழைப்பது பூச்சியிடத்தே. ஆங்கு இடும் பெயர், காண்பார் ஐயமற அறிந்ததாதல் வேண்டும். அவரும் உடன் மயங்கின் நகை பிறவாது. வினவுவான்மேல் ‘இளம் ஆய்வாளர்’, பூச்சிமேல் ‘இளம்பூரணர் உரை’, கீழே ‘இது தொல்காப்பியர் கருத்தா?’ என எழுதிக் காண்போம். நம் துறையினர்க்கு இதற்கு விளக்கம் வேண்டா. ‘இளம்’ என்னும் அடையை நீக்கி எழுதினும் இழுக்கில்லை.