வைக்கம் துறையில் ஓசையற்ற படகு

1924ஆம் ஆண்டின் சத்தியாக்கிரகத்தை எண்ணி வைக்கம் செல்லும் நம் அன்பர்கள், கோயிலையும் பெரியார் நினைவகத்தையும் கண்டபின் படகுத் துறைக்கும் சென்று வரலாம். அங்கிருந்து வேம்பநாட்டு ஏரியைக் கடந்து தவணக்கடவு செல்வதற்கென்று, கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறையினர் 2017 ஜனவரியில் ‘ஆதித்யா’ என்னும் படகை விட்டனர். 75 பேர் ஏறலாம். டீஸல் இயந்திரம் இல்லை. கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள், உள்ளே லிதியம் பாட்டரிகள்.

ஈயப் பாட்டரி போதாதா என்று வினவலாம். இரயில் பெட்டியின் அடியில் அது பல்லாண்டுகளாகத் தொங்கி, விளக்கும் விசிறியும் நடத்தி வருவதை நாம் அறிவோம். ஆனால் தண்டவாளம் சுமையைப் பொறுக்கும், நீர் பொறுக்காது. படகு சற்றே அமிழ்ந்தால் நீரின் தடை மிகும். தடை மிகுந்தால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அதற்கு மேலும் பாட்டரி வேண்டும்! இப்படகின் லிதியம் பாட்டரிகள் சுமார் 700 கிலோ. ஈயமாயின் இரு மடங்குக்குக் குறையாது. அதிலும், சேமித்த மின்சாரத்தில் பாதிக்குமேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குன்றும்.

லிதியத்தின் விலை அதிகம் என்பது மெய்யே. சில ஆண்டுகளுக்குப் பின் மாற்றவும் வேண்டும். சூடேறித் தீப்பற்றாதபடி ஒவ்வொரு கலத்தையும் கண்காணிக்கும் கருவியும் உடன் தேவை. எனினும், நாள்தோறும் எரியும் டீஸலைச் சேர்க்காமல் விலையை மட்டும் கூறுவோரின் கணக்கு அரைக் கணக்கே. கைக்குழந்தையுடன் டீஸல் படகின் புகையிலும் அதிர்விலும் அமர்ந்து சென்ற தாய்மாருக்கு வேற்றுமையை விளக்க வேண்டியதில்லை. இதில் அருகிருப்பவரிடம் குரல் உயர்த்தாமல் பேசிக்கொண்டே அக்கரை சேரலாம்.