காலணிகள் செல்லும் கடல்வழி

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தைக்கப்பட்ட காலணிகள் பெட்டகங்களில் அடைபட்டுச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய பின் எம்மார்க்கமாக ஐரோப்பா சேர்கின்றன என்பதைக் காட்பாடிவாசிகளாகிய நம்மில் அநேகர் சிந்தித்ததில்லை. பாக் ஜலசந்தி ஆழமற்றதாகையால், பெருங்கப்பல்கள் இலங்கைத் தீவை ஏறக்குறைய அரைப் பிரதட்சிணம் செய்து, அதன் தென்கோடியிலுள்ள தேவேந்திரமுனையைக் கடந்தே மேற்கே திரும்புகின்றன.

அந்த முனையருகே கடலடி கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே சடுதியில் ஆழ்ந்துவிடுவதாலும், அங்கே இரை மிகுந்திருப்பதாலும், பூமியில் தோன்றிய பிராணிகளிலெல்லாம் பெரியதான நீலத் திமிங்கலம், பிற சமுத்திரங்களிலுள்ள தன் இனத்தைப்போல் உணவுக்காகத் துருவக் கடலை நாடிப் பிரயாணம் செய்யாமல், இவ்வுஷ்ண சமுத்திரத்திலேயே ஆண்டு முழுவதும் வாழ்கிறது. இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வோஸ் இவ்விசித்திரத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து உலகறியச் செய்தார். ஆனால் மேய்ச்சல் நிலமும் கப்பற்பாதையும் ஒன்றாகிவிட்டதே விபரீதம்! சுவாசிக்க நீர்மட்டத்துக்கு வந்தே தீரவேண்டிய அப்பிராணி கப்பலின் முகப்பில் மோதுண்டால், மேலேயிருக்கும் மாலுமிக்கு அது தெரியாமலே போகலாம். 2012ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு சரக்குக் கப்பலின் முகப்பில் திமிங்கலத்தின் உடல் தொங்கிக் கிடந்தது.

தோல் தொழிலுக்கும் திமிங்கலத்துக்கும் இது முதல் உறவன்று. பதனிட்ட தோலை மிருதுவாக்க ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய் மேல்நாடுகளில் ஒரு காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. வேட்டையைத் தடுக்க 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வணிக வேட்டையை நிறுத்தும் தீர்மானம் 1982இல் நிறைவேறியது. வேட்டைக்காரனைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. கொல்லும் எண்ணமே இல்லாத கப்பலைத் தடுப்பது அத்தனை சுலபமன்று.

எனினும் பரிகாரம் எளியது. 2022இல் மெடிட்டரேனியன் ஷிப்பிங் கம்பெனி தன் கப்பல்களை வழக்கமான பாதைக்குச் சுமார் 15 கடல்மைல் தெற்கே விலகிச் செல்லப் பணித்தது; எல்லாக் கப்பல்களும் அவ்வாறே விலகினால் மோதும் அபாயம் 95 விழுக்காடுவரை குறையலாமென்று ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். பாதையையே அதிகாரபூர்வமாக மாற்றச் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனத்திடம் இலங்கை அரசாங்கம் முன்மொழிய வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறு மாசுபட்டதைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று ஆர்டர் தரும் ஐரோப்பிய வியாபாரிகளும் கழிவுநீர் எங்கே போகிறதென்று நம்மவரை வினவுகிறார்கள். அதே நியாயத்தில், கப்பல் எவ்வழியே போகிறதென்று நம் ஏற்றுமதியாளர்கள் கம்பெனிகளை வினவலாம். சரக்குக் கூலி கொடுப்பவர் கேட்கும் கேள்வியை எந்தக் கம்பெனியும் அலட்சியம் செய்வதில்லை.