இடிமழையும் காட்டாற்று வெள்ளமும்: முன்னறிவின் எல்லை

முன்னுரை

பழந்தமிழில் 'மழை' என்னும் சொல் பெய்யும் நீரை மட்டுமன்றி, அந்நீரைச் சுமந்துவரும் முகிலையும் குறித்தது. 'கொண்டல்' என்பதும் அத்தகைய சொல்லே. கீழ்த்திசைக் காற்றுக்கும் முகிலுக்கும் அது பெயராக வழங்கியது. காற்று, முகில், மழை ஆகிய மூன்றையும் ஒரே நிகழ்ச்சியின் படிகளாக நோக்கிய பார்வை இச்சொல்லாட்சிகளில் அடங்கியுள்ளது எனலாம்.

சமவெளியில் வாழ்வோர்க்குக் கறுத்த வானமே போதிய எச்சரிக்கையாகும். மலையடிவாரத்தின் நிலை வேறு. அங்கே தலைக்கு மேல் வெயில் இருக்கும். காலடியில் வெள்ளம் வந்து சேரும். 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் பிற்பகலில் பழைய குற்றால அருவியில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவோம். கோடை மழையால் மலைமேல் திரண்ட நீர், குளித்துக் கொண்டிருந்தோர் மீது திடீரெனப் பாய்ந்தது. மக்கள் அலறி ஓடினர். பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

'செயற்கைக்கோள்கள் இருந்தும் இதனை முன்னறிய இயலாதா?' என்று பலரும் வினவினர். நியாயமான வினாவே. இடிமழையையும் மலைநாட்டு வெள்ளத்தையும் எவ்வளவு தூரம் முன்னறியலாம், அவ்வறிவு எங்கே நின்றுவிடுகிறது, எஞ்சிய இடைவெளியை யார் நிரப்புவது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடிமழை பிறக்கும் முறை

இடிமழைக்கு மூன்று பொருள்கள் வேண்டும். அவை ஈரம், நிலைகொள்ளாத வளி, அவ்வளியை மேலே தள்ளும் விசை என்பன. ஈரக்காற்று மேலேறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நீர்த்துளியாகிறது. அப்போது நீராவிக்குள் அடங்கியிருந்த மறைவெப்பம் வெளிப்பட்டுக் காற்றை மீண்டும் இலேசாக்குகிறது. சுற்றியுள்ள வளியைவிட அது வெம்மையாக இருக்கும்வரை ஏற்றம் நிற்பதில்லை. வெப்பமண்டல நாடுகளில் இவ்வாறு திரளும் கார்முகில்கள் 15 கிலோமீட்டர் உயரம்வரையிலும் எழுவதுண்டு. அவ்வுயரங்களில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து மின்னல் பிறக்கிறது.

மேலே தள்ளும் விசையை மலை இருவகையில் தருகிறது. வீசும் காற்றுக்குக் குறுக்கே நின்று அதனை ஏறச் செய்வது ஒருவகை. மற்றொன்று வெயிலின் தொழில். காலைக் கதிரில் மலைச்சரிவு விரைந்து சூடேறுகிறது. சரிவை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் பள்ளத்தாக்கின் நடுவே உள்ள காற்றைவிட வெம்மையாகி, மேல்நோக்கி ஊர்கிறது. அதனால்தான் காலையில் தெளிவாகத் தோன்றிய முகடு நண்பகலில் முகில் சூடிப் பிற்பகலில் இடி முழக்குகிறது. மலைப்பயணத்தைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும் என்று மலைவாழ் மக்கள் கூறும் அறிவுரைக்கு அடிப்படை இதுவே.

மழை வெள்ளமாகும் முறை

இடிமழை எல்லாம் வெள்ளமாவதில்லை. ஓர் இடிமுகிலின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கு உட்பட்டதே. அது நகர்ந்துகொண்டே பெய்தால் நீர் பல இடங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்படும். மேல்வானக் காற்று வலுவிழந்து முகில் ஓரிடத்திலேயே நின்றாலும், ஒரு முகில் ஓய்ந்த இடத்திற்கே அடுத்தடுத்து முகில்கள் வந்து சேர்ந்தாலும் இடர் தொடங்குகிறது. ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல், ஏறத்தாழ 20 முதல் 30 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொட்டும் மழையை 'மேகவெடிப்பு' என இந்திய வானிலை ஆய்வுத்துறை வரையறுக்கிறது.

அதில் பாதியளவு மழையே என்ன செய்யும் என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். பத்து சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைச்சரிவில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்வதாகக் கொள்வோம். விழுந்த நீர் 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் மரமும் ஏற்றுக்கொண்டாலும், எஞ்சியது ஒரே ஓடை வழியே ஒரு மணி நேரத்தில் இறங்குமாயின் நொடிக்கு ஏறத்தாழ 70 டன் நீர் பாயும். சமவெளியில் இந்நீர் வயலிலும் குளத்திலும் பரவி நிற்கும். மலையிலோ பாறை பருகாது. சரிவு தாமதிக்க விடாது. பல ஓடைகள் ஒரு வாயில் கூடும். முந்திய நாள்களின் மழையால் மண் நனைந்திருந்தால், பாதி நீரை ஏற்கும் அந்த ஆற்றலும் குறைந்துவிடும்.

ஆகவே மழையை முன்னறிதல் ஒன்று. வெள்ளத்தை முன்னறிதல் மற்றொன்று. முன்னதற்கு வானத்தைக் கற்க வேண்டும்; பின்னதற்கு நிலத்தையும் கற்க வேண்டும்.

மானி காணாத மழை

மலையில் பெய்யும் மழை எவ்வளவு குறுகிய இடத்தில் அடங்கிவிடும் என்பதற்கு லடாக்கின் லே நகரம் துயரமான சான்றாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்நகரம் குளிர்பாலை நிலத்தைச் சார்ந்தது. அங்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவே. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் நள்ளிரவையொட்டி அங்கே சேறும் பாறையும் கலந்த வெள்ளம் பாய்ந்தது. லே நகரிலும் சோக்லம்சர் உள்ளிட்ட சிற்றூர்களிலும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மண்சுவர் வீடுகள் கரைந்தன. மருத்துவமனையும் பேருந்து நிலையமும் தொலைபேசி நிலையமும் சேதமுற்றன.

ஆயினும் லே வானிலை நிலையத்தின் மழைமானி அந்நாளில் பதிவு செய்த மழை 12.8 மில்லிமீட்டர் மட்டுமே! மானி பொய் சொல்லவில்லை. தன் மேல் விழுந்ததை அது சரியாகவே அளந்தது. பேரழிவை விளைத்த மழை, மானியற்ற சரிவுகளில் பெய்தது.

அம்மழையின் வரலாற்றை ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். திபெத்தியப் பீடபூமியில் பகல் வெப்பத்தால் எழுந்த இடிமுகில்கள் நடுவானத்துக் கீழ்க்காற்றால் மேற்கே செலுத்தப்பட்டன. வழியில் ஒன்றுகூடிய அவை, பீடபூமியின் விளிம்பை அடைந்தபோது தாழ்நிலத்திலிருந்து ஏறிவந்த ஈரக்காற்றைப் பருகி வலுத்தன. ஆகஸ்டு 3, 4, 5 என மூன்று நாள்கள் தொடர்ந்து இத்தகைய முகில்கள் திரண்டன. இறுதி நாளின் மழை, முன்பே நனைந்த நிலத்தின் மேல் விழுந்தது. நிகழ்ந்த பின் நூலாக விரித்துரைக்க முடிந்த இச்செய்தியை, நிகழுமுன் சோக்லம்சரின் ஒரு வீட்டுக்கு எச்சரிக்கையாகச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை ஓர்ந்து உணர்தல் வேண்டும்.

முன்னறிவின் கருவிகள்

இன்றைய முன்னறிவிப்பு மூன்று படிகளாக அமைகிறது. முதற்படி, நாள்களை முன்னோக்குவது. காற்றின் திசை, ஈரம், வெப்பம் ஆகியவற்றைக் கணினி மாதிரிகளில் இட்டு, 'இப்பகுதியில் நாளை மறுநாள் கனமழைக்கு வாய்ப்பு' எனக் கூறுகின்றனர். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்கிவைக்கப்பட்ட பாரத் முன்கணிப்பு முறை, நிலப்பரப்பை 6 கிலோமீட்டர்க் கட்டங்களாகப் பகுத்துக் கணக்கிடுகிறது. முன்னர் இருந்த கட்டம் 12 கிலோமீட்டர். இது பெரும் முன்னேற்றமே. எனினும் நம் அருவிகளின் பள்ளத்தாக்குகள் பல, ஒரே கட்டத்திற்குள் மறைந்துபோகும் அளவு சிறியன.

இரண்டாம் படி, மணிகளை முன்னோக்குவது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் முகிலின் உச்சி குளிர்ந்து உயர்வதைக் காட்டுகின்றன. டாப்ளர் ரேடார் முகிலுக்குள் இருக்கும் நீரின் செறிவையும் அதன் இயக்கத்தையும் காட்டுகிறது. மின்னல் உணரிகள் இடிமுகில் நகரும் வழியைக் காட்டுகின்றன. இவற்றைக் கொண்டு அடுத்த மூன்று மணி நேரத்திற்கான உடனடி முன்னறிவிப்பு வெளியிடப்படுகிறது. ஆயின் மலைநாட்டில் ரேடாருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இடையே நிற்கும் முகடு அதன் கதிரை மறைக்கும்; முகட்டைத் தாண்டி மேலே செல்லும் கதிரோ, பள்ளத்தாக்கின் தாழ்ந்த மழையைக் காணாது கடந்துவிடும்.

மூன்றாம் படி, நிலத்தை நோக்குவது. மண்ணின் ஈரம் இவ்வளவு இருக்கும்போது, இத்தனை மணி நேரத்தில் எத்துணை மழை பெய்தால் சிற்றோடை கரைபுரளும் என்று முன்கூட்டியே கணித்து வைப்பது இம்முறை. இந்தியா, நேபாளம், பூட்டான், வங்கதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளுக்கான திடீர்வெள்ள வழிகாட்டு அமைப்பு 2020ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்டது. திடீர் வெள்ள அச்சுறுத்தலை 6 மணி நேரத்திற்கும், இடர்வாய்ப்பை 24 மணி நேரத்திற்கும் முன்னதாக உரைக்க அது உதவுகிறது.

இம்மூன்று படிகளும் சேர்ந்து, 'இம்மாவட்டத்து மலைப்பகுதியில், இன்று பிற்பகல், இடர் மிகுதி' என்பதுவரை நம்மை அழைத்துச் செல்கின்றன. 'இந்த அருவியில், மூன்று மணி பத்து நிமிடத்தில்' என்பதை அவை சொல்வதில்லை.

'பொய்த்த' எச்சரிக்கை

வெள்ளம் வருமென்று கூறி அருவியில் குளிக்கத் தடை விதிக்கின்றனர். அன்று வெள்ளம் வரவில்லை. நெடுந்தொலைவு பயணம் செய்து வந்தவர், 'வீணாகத் திருப்பி அனுப்பிவிட்டார்களே' என்று நொந்துகொள்கிறார். அவருடைய வருத்தம் மெய்யானது. எனினும் அவருடைய முடிவு சரியானதன்று.

வானிலை அறிவிப்பு ஒரு நிகழ்தகவு ஆகும். இடர்வாய்ப்பு நூற்றுக்கு முப்பது என்றால், அத்தகைய பத்து நாள்களில் மூன்று நாள்கள் வெள்ளம் வரலாம், ஏழு நாள்கள் வாராதிருக்கலாம் என்பதே அதன் பொருள். அம்மூன்று நாள்கள் எவை என்று பிரித்தறியும் ஆற்றல் இன்னும் வாய்க்கவில்லை. எனவே பத்து நாளும் தடை விதிக்க வேண்டியுள்ளது. வெள்ளம் வாராத ஏழு நாளின் தடையைப் பொய் என்று கூறலாகாது. வந்த மூன்று நாளின் உயிர்களுக்காக நாம் முன்கூட்டிச் செலுத்திய விலை அது.

அதிகாரிகள் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. காரணம் சொல்லாத தடை வெறுப்பை வளர்க்கும். நீக்கப்படாமல் நீளும் தடை அலட்சியத்தை வளர்க்கும். மேலே மழை பெய்கிறது என்ற செய்தியையும், எப்போது மீண்டும் ஆராயப்படும் என்பதையும் பலகையில் எழுதி வைத்தால் மக்கள் பெரும்பாலும் ஒத்துழைப்பர்.

ஏறுக, ஓட்டற்க

எச்சரிக்கை கிடைக்காத வேளையில் செய்யத்தக்கது யாது? இதற்கு விடையை அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் மாலை, பிக் தாம்சன் ஆற்றின் மலையிடுக்கில் விடுமுறைப் பயணிகள் நிறைந்திருந்தனர். கிழக்கிலிருந்து வந்த ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறியது. மேல்வானக் காற்று வலுவற்றிருந்தமையால் இடிமுகில் நகரவில்லை. ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் 300 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 144 பேர் மாண்டனர். மக்களை எச்சரிக்கச் சென்ற காவல் அலுவலர் இருவரும் அவர்களுள் அடங்குவர். ஆற்றை ஒட்டிய சாலை வழியே வாகனத்தில் தப்ப முயன்ற பலர் வெள்ளத்தில் சிக்கினர். சாலையும் ஆறும் ஒரே பள்ளத்தில் செல்வதால், வாகனம் வெள்ளத்தை முந்துவது அரிது. பக்கத்துச் சரிவில் கால்நடையாகச் சிறிது உயரம் ஏறுவதோ எளிது. அதன்பின் அம்மாநிலத்து மலைச்சாலைகளில், வெள்ளம் வந்தால் மேலே ஏறித் தப்புமாறு அறிவுறுத்தும் பலகைகள் நாட்டப்பட்டன.

இவ்வறிவுரை நமக்கும் பொருந்தும். விரைந்தோடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழமே இருப்பினும் வளர்ந்த மனிதரை வீழ்த்தக்கூடும். 30 சென்டிமீட்டர் ஆழம் சிறிய காரை இழுத்துச் செல்லக்கூடும்.

நாம் செய்யத்தக்கவை

மலைச் சுற்றுலாவுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களும், குடும்பத்தோடு செல்லும் பெரியோரும் சிலவற்றை வழக்கமாக்கிக் கொள்ளலாம். புறப்படும் நாளில் வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வண்ணக் குறியீட்டை நோக்க வேண்டும். மஞ்சள் கவனிக்கச் சொல்வது. ஆரஞ்சு ஆயத்தமாகச் சொல்வது. சிவப்பு செயலில் இறங்கச் சொல்வது. செல்லுமிடத்தின் வானத்தை மட்டுமன்றி, அவ்வோடை பிறக்கும் முகட்டின் வானத்தையும் நோக்க வேண்டும்.

மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் முகில் பத்துக் கிலோமீட்டருக்குள் உள்ளது. உடனே நீரைவிட்டு நீங்கிப் பாதுகாப்பான கட்டடத்தை அடைக. இறுதி இடி கேட்டபின் முப்பது நிமிடம் பொறுத்திருக்க. தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து புதிய இரைச்சல் கேட்டாலும், நீர் காரணமின்றிக் குறைந்தாலும் உடைமைகளை எடுக்க நில்லாது மேட்டில் ஏறுக.

முடிவுரை

கருவிகள் பெருகப் பெருக முன்னறிவின் எல்லையும் விரியும். எனினும் மாவட்டம் என்பதற்கும் ஓடை என்பதற்கும், பிற்பகல் என்பதற்கும் நிமிடம் என்பதற்கும் இடையே ஓர் இடைவெளி இன்னும் நெடுநாள் இருக்கும். அவ்விடைவெளியை நிரப்ப வல்லவர், தடையை மதிக்கும் பயணியும், மேலே பெய்யும் மழையைக் கீழே உள்ளவர்க்கு உடனே தெரிவிக்கும் மலைவாசியும், 'இன்று குளியல் வேண்டாம், திரும்புவோம்' என்று சொல்லும் துணிவுள்ள ஆசிரியருமே ஆவர். மாணவர்கள் அன்று முகம் சுளிக்கலாம். அவர்கள் அனைவரும் வீடு சேர்வதே பெரிது.