செய்து பார்த்தாயா?

அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் பெண். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். எட்டிப் பார்த்தேன். "கேக்: பால் மூன்று வாளி, சர்க்கரை இரண்டு, முட்டை ஒன்று, கோதுமை மூன்று." பக்கத்தில் ஒரு 'டிக்'.

"மூன்று வாளி பாலா! யார் வீட்டுக் கல்யாணத்துக்கடி?" என்றேன்.

"ஐயோ சித்தி, இது மைன்கிராஃப்ட்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஸ்வீடன் தேசத்து மோஜாங் கம்பெனி 2011-ல் முழு உருவில் வெளியிட்ட விளையாட்டு இது. மரம் வெட்டி, சுரங்கம் தோண்டி, கிடைத்ததைக் கொண்டு வேண்டியதைச் செய்துகொள்ள வேண்டும். வேலை மேஜையில் ஒன்பது கட்டங்கள். எதை எந்தக் கட்டத்தில் வைக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். மூன்று கோதுமையை ஒரே வரிசையில் வைத்தால் ரொட்டி. நிலக்கரிக்குக் கீழே குச்சி வைத்தால் நாலு தீப்பந்தம். மேலே வைத்தால் ஒன்றுமில்லை!

ஆரம்பத்தில் விளையாட்டுக்குள் செய்முறைக் குறிப்பே கிடையாது. ஆடியவர்களே வைத்துப் பார்த்து, எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 2017-ல்தான் குறிப்புப் புத்தகம் ஒன்று அதிலேயே சேர்ந்தது.

நோட்டில் ஒரு பக்கம் முழுவதும் பெரிய பெருக்கல் குறி. "இது என்ன?" என்றேன். குழந்தையின் முகம் வாடிவிட்டது.

மந்திரம் ஏற்றிய பொன் ஆப்பிளாம் அது. நடுவில் ஆப்பிள், சுற்றிலும் எட்டுத் தங்கக் கட்டி. ஒரு கட்டிக்கு ஒன்பது பாளம். ஆக 72 பாளம். எங்கோ படித்த குறிப்பை ஆவடியில் இருக்கும் சிநேகிதிக்குச் சொல்லியிருக்கிறாள். அவள் லீவு முழுவதும் தோண்டித் தங்கம் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஆப்பிள் ஆப்பிளாகவே இருந்தது! 2016-லேயே அந்தச் செய்முறையை எடுத்துவிட்டார்கள். தங்கம் போகவில்லை, உழைப்புத்தான் போயிற்று. சிநேகிதி பேச்சை நிறுத்திவிட்டாள்.

"சொன்னவள் நான்தானே, சித்தி?"

அன்று முதல், தன் கையால் செய்து பார்க்காமல் 'டிக்' கிடையாது. செய்த தேதி, விளையாட்டின் எத்தனையாவது பதிப்பு, கம்ப்யூட்டரா செல்போனா, எல்லாம் எழுதுகிறாள்.

"பரீட்சைக்கு இந்தச் சிரத்தை இல்லை!" என்று சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவள் அலமாரியில் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருக்கிறது. 1951-ல் வெளிவந்த புத்தகம். தலைப்பே யோசனை சொல்கிறது! எங்கள் அம்மாவின் பிரதி அது. ஓரங்களில் பென்சிலால், "புளி குறைக்கவும்", "இரண்டு தடவை செய்தேன், சரி" என்று குறித்திருப்பாள். பாட்டியின் சுபாவம் பேத்திக்கு வந்திருக்கிறது.

"ஆவடிக்குத் திருத்தம் அனுப்பினாயா?" என்றேன்.

"அதைத்தான் முதலில் அனுப்பினேன். நேற்று 'சரி' என்று ஒரு வார்த்தை பதில் வந்தது."

வீடு திரும்பும்போது, போன தீபாவளிக்கு நான் எழுதிக் கொடுத்த மைசூர்பாகு குறிப்பு ஞாபகம் வந்தது. நெய் ஒன்றரைப் பங்கா, இரண்டு பங்கா? யாரோ சொன்னதைத்தான் எழுதினேன். சகோதரிகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் பற்றவைக்கப் போகிறேன்!