'சார்ஜ்' என்னும் சொல்லும் ஆயரின் சுமையும்

நம் வகுப்பில் மாணவர் ஒருவர், 2 தீமோத்தேயு 4:1-ஐ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகையில், பவுல் தம் இளைய ஊழியர்மேல் குற்றஞ்சாட்டுவதாக எழுதிவிட்டார். வகுப்பு நகைத்தது. ஆயினும் பிழை அவருடையது மட்டுமன்று. 'சார்ஜ்' என்னும் சொல் அத்துணை வேடம் புனையவல்லது.

நம் நகரத்திலேயே இதைக் காண்கிறோம். மயிலாப்பூர் மாடவீதியில் ஆட்டோ ஏறினால் 'சார்ஜ்' எவ்வளவு எனக் கேட்கிறோம். தியாகராய நகரில் கடைவீதி சுற்றி அடையாற்று வீட்டுக்குத் திரும்பியதும் கைப்பேசிக்கு 'சார்ஜ்' போடுகிறோம். நாளிதழைப் புரட்டினால் 'சார்ஜ் ஷீட்', 'லத்தி சார்ஜ்' என்னும் செய்திகள். சபையிலோ, புதிய ஆயர் 'சார்ஜ்' எடுத்துக்கொண்டார் என்கிறோம். கட்டணம், மின்னேற்றம், குற்றச்சாட்டு, தாக்குதல், பொறுப்பு என ஐந்து பொருள்கள் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன.

இவற்றின் வேர் ஒன்றே. இலத்தீனில் 'கர்ரூஸ்' என்பது வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுதலைக் குறித்த வினை பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. கட்டணம் பணச்சுமை; குற்றச்சாட்டு ஒருவர்மேல் ஏற்றப்படும் பழிச்சுமை; பொறுப்பு தோளில் ஏற்றப்படும் பணிச்சுமை. பாய்ந்து தாக்குதல் என்னும் பொருள் பின்னர்க் கிளைத்தது.

1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தைப் படிப்போர் இங்கே விழிப்பாயிருத்தல் வேண்டும். 2 தீமோத்தேயு 4:1-இல் மூலச்சொல் சாட்சியாக நின்று உறுதியாய்க் கட்டளையிடுதலைக் குறிக்கும். ரோமர் 8:33-இல் அது வழக்குத் தொடுத்தல். 1 கொரிந்தியர் 9:18-இல் 'அடாபனோஸ்', அதாவது செலவில்லாமை. கிரேக்கத்தில் வெவ்வேறான இச்சொற்களை ஆங்கிலம் ஒன்றாக்கிற்று. தமிழ் வேதாகமம் கட்டளை, குற்றஞ்சாட்டுதல், செலவு எனப் பிரித்தே வழங்குகிறது. ஆகையால் ஆங்கிலச் சொல் ஒன்றாயிருப்பதை நம்பி இவ்வசனங்களை இணைத்துப் பிரசங்கம் கட்டுவது மணலின்மேல் வீடு கட்டுவதாகும்.

ஆயினும் அவ்வேர்ப்பொருள் நமக்கு அந்நியமன்று. 'பொறுப்பு' என்னும் நம் சொல் 'பொறு' என்பதிலிருந்து பிறந்தது. பொறுத்தல் சுமத்தலுமாம், மன்னித்தலுமாம். 'பொறை' என்பது பாரத்தையும் குறிக்கும், பொறுமையையும் குறிக்கும். பிறர் பிழை பொறுத்தலைப் போதிக்கும் அதிகாரத்துக்குப் 'பொறையுடைமை' என்பதே வள்ளுவர் குறளில் பெயர். ஸ்தேவானின் கடைசி ஜெபத்தில் ஆங்கிலம் 'சார்ஜ்' என்ற இடத்தில் தமிழ் வேதாகமம் 'சுமத்துதல்' என்றே கூறுகிறது. தன்னைக் கல்லெறிந்தோர்மேல் அந்தச் சுமை ஏறாதபடி அவர் வேண்டினார்.

இதில் ஆயர்களுக்கு என்ன? ஆங்கிலத்தில் 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் பொறுப்பு வகிப்பவர்; நடுவே 'தி' என்னும் சிறு சொல்லைச் சேர்த்தால், பிறர் பொறுப்பில் இருப்பவர். நாம் முதலாவதையே விரும்புகிறோம். பொறுப்பேற்ற மறுநாளே சாவிக்கொத்தும் கணக்குப் புத்தகமும் நாற்காலியும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. படுக்கையில் கிடக்கும் விதவையும் வேலையிழந்த இளைஞனும் தெரிவதில்லை. 1 பேதுரு 5:3-இல் தமிழ் வேதாகமம் 'சுதந்தரம்' என்னும் இடத்தில், 1946-இல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு 'உங்கள் சார்ஜில் உள்ளவர்கள்' என்னும் பொருள்பட மொழிபெயர்த்தது. அவர்களை இறுமாப்பாய் ஆளலாகாது என்பதே அங்கே கட்டளை. மந்தை நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது; நமக்குச் சொந்தமானதன்று.

ஆகவே, 'சார்ஜ்' எடுக்கும் ஆயர் அதிகாரத்தை அன்று, சுமையையே ஏற்கிறார். பவுலைப் போல் அவர் பிறர்மேல் செலவைச் சுமத்தாதிருக்கட்டும். ஸ்தேவானைப் போல் பழியையும் சுமத்தாதிருக்கட்டும். தம் தோளில் ஏறியதை, தம் சுமை இலகுவானது என்றவரோடு சேர்ந்து சுமக்கட்டும்.